ஈர ஆட்டு ஓட்டு

கான்பெராவிலிருந்து வருகிற எவனையும் நான் நம்பியதில்லை. சிட்னியிலிருந்து வருகிறவனைப் பாதி நம்புவேன், அதுவும் அவன் கிடா வாங்க வந்திருந்தால். எங்கள் ஊரான ஹாரிகன் டேங்கிலேயே நம்பத்தக்கவர்கள் என்று நான் வைத்திருந்த ஆட்களில் பாதிப் பேர் கல்லறையில் இருக்கிறார்கள், மீதிப் பேர் மதுக்கடையில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் யாரையோ மெச்சுவது போலத் தெரிந்தால் ஏமாந்து போகாதீர்கள்.

விவகாரம் ஒரு அட்டையைப் பற்றியது. வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிப் பணத்தில் பெரும்பங்கை இனிமேல் கையில் கொடுக்காமல் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் போட்டுக் கொடுப்பார்களாம். அதை வைத்து பீர் வாங்க முடியாது, குதிரைமேல் பந்தயம் கட்ட முடியாது, நோட்டாக மாற்றவும் முடியாது. முதலில் ஒரு ஊரில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தலைநகர் கான்பெராவில் முடிவு செய்தார்கள். எந்த ஊரின்மேலும் திணிக்க மாட்டோம், ஊரே கேட்டால்தான் கொடுப்போம் என்றும் சொன்னார்கள். எங்கள் வட்டாரக் கவுன்சில், "ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாங்க, அங்கே ஊர் என்ன சொல்லுதோ அதையே எழுதி அனுப்புறோம்" என்றது.

நான் அட்டையின் பக்கம். ஒளிவு மறைவெல்லாம் இல்லை. மதுக்கடையில் மேசையைத் தட்டிச் சொன்னேன், தபால் ஆபீஸில் சொன்னேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டும் சொன்னேன். ஆயுசு முழுக்க குனிந்து நின்று ஆட்டு ரோமம் வெட்டியவன் நான். என் முதுகு இன்னும் நிமிரவில்லை. காலை பத்து மணிக்கே மதுக்கடை வாசலில் தண்டச்சோறுகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

என் மகள் டெல்வீன் எதிர்ப்பக்கம். அவள் ஆரஞ்சுத் தோப்பில் பழம் பறிக்கிறவள். பருவம் இருக்கும் மட்டும் வேலை, பருவம் முடிந்தால் உதவிப் பணம். குடியிருப்பது யோசிப் கிழவனின் பின்கட்டு. யோசிப்புக்கு வங்கி என்றால் பேய். வாடகையை நோட்டாகத்தான் வாங்குவான், வாங்கி எங்கே புதைக்கிறான் என்று அவன் நாய்க்குத்தான் தெரியும். முட்டை பக்கத்து வீட்டில் வாங்குவாள், காருக்கு டயர் பழைய இரும்புக்காரனிடம். இந்த வியாபாரம் எதிலும் அட்டை செல்லாது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அவள் என் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அப்பா, அட்டை வர்றதுன்னு முடிவாச்சுன்னா, அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நான் அடிலெய்டு போயிடுவேன். சும்மா மிரட்டறேன்னு நினைக்காதே. அங்க சிநேகிதி வீட்ல அறை கேட்டு வச்சிட்டேன்."

"போயேன். நானா கையைப் பிடிச்சு இழுக்கறேன்?"

"நீ இழுக்க மாட்டே. உனக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

"அங்க மட்டும் என்ன, தார் ரோட்டுல ஆரஞ்சு காய்க்குதா?"

"காய்க்கலன்னா கக்கூஸ் கழுவறேன். ஆனா பிஸ்கட் வாங்கறதுக்குக் கூட அரசாங்கத்துக்கிட்ட அனுமதி கேட்டு நிக்க மாட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சாத்திய வேகத்தில் மாட்டியிருந்த வாணலி விழுந்தது. அவள் அம்மா இல்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் பெர்த்தில் சுரங்கத்தில் இருக்கிறான், கிறிஸ்துமஸ் அன்று போன் செய்து வெயில் எப்படி என்று கேட்பான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்டுத் தொடையைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, என்னோடு சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுகிற ஜீவன் டெல்வீன் ஒருத்திதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடவில்லை. ஒருத்தி போய்விடுவாள் என்பதற்காகக் கருத்தை மாற்றினால் அதற்குப் பெயர் கருத்து இல்லை.

ஞாயிறு மதியம் மண்டபம் பிதுங்கியது. தகரக் கூரை வெயிலில் வெடித்துச் சத்தம் போட்டது. வாசலில் தீயணைப்புப் படைத் தொண்டர்கள் கறிச் சாசேஜையும் வெங்காயத்தையும் வாட்டி ரொட்டியில் சுருட்டி விற்றார்கள். உள்ளே நுழைகிற இடத்தில், ஒரு தட்டு நிறையப் பச்சைக் கறியைப் பரிசாக வைத்து இறைச்சித் தட்டுக் குலுக்கல் சீட்டு விற்பனை. வாழ்க்கையில் எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்கள் கூட வந்திருந்தார்கள். கூடைப்பந்து இறுதியாட்டம் மாதிரி ஒரே கூச்சல். எனக்கே ரத்தம் சூடேறியது, பொய் சொல்வானேன்.

மேடையில் மூன்று நாற்காலிகள். நடுவில் கவுன்சில் தலைவி நெரிடா பிரவுஸ். ஒரு பக்கம் கான்பெராவிலிருந்து வந்த அதிகாரி. பெயர் ஃபின்லே, வெள்ளைச் செருப்பு, எங்கள் மண்ணில் வெள்ளைச் செருப்பு. இன்னொரு பக்கம் லாக்லன் ஸ்டாட். ஆரஞ்சுத் தோப்பும் அவருடையதுதான், ஆறுவரைக்கும் உள்ள ஆட்டுப் பண்ணையும் அவருடையதுதான். ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மாதத்தில் அவரிடம் கூலி வாங்கியவர்கள்.

ஸ்டாட் நன்றாகவே பேசினார்.

"நான் யாரையும் கேவலப்படுத்த வரல. பணம் போடற வியாழக்கிழமை இந்த ஊர்ல என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பிள்ளைங்க வெறும் வயித்தோட வருதுன்னு நம்ம வாத்தியாரையே கேளுங்க. டோபி, பொய்யா நான் சொல்றது?"

வாத்தியார் டோபி அட்டைக்கு எதிரி. ஆனாலும் எழுந்து, "பொய் இல்ல" என்றார். மண்டபம் சற்றே அடங்கியது. நான் கை தட்டினேன். என் பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

பிறகு வாத்தியார் தன் யோசனையைச் சொன்னார். ஏழை பணக்காரன் பார்க்காமல், வேலை உண்டா இல்லையா என்று கேட்காமல், நாட்டில் எல்லோருக்கும் மாதாமாதம் ஒரே தொகையைக் கொடுத்துவிட வேண்டுமாம். அப்போது யாரும் யாரையும் தண்டச்சோறு என்று சொல்ல முடியாதாம்.

"ஸ்டாட்டுக்குமா குடுப்பீங்க?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஆமா, அவருக்கும்தான்."

"அப்ப எனக்கு வேணாம்!"

சிரிப்பில் கூரை பறந்தது. ஸ்டாட்டே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சும்மா காசு தருகிறேன் என்பவன் பின்னால் எதையோ கேட்கப் போகிறான்.

அடுத்து நெரிடா, "மெர்ல் ஆன்ட்டி, நீங்க பேசறீங்களா?" என்றாள். மெர்ல் ஆற்றங்கரைப் பூர்வகுடிக் கறுப்பினத்துப் பெரிய மனுஷி, என் வயசுக்காரி. சிறுவயதில் நானும் அவளும் ஒரே மதகில் நண்டு பிடித்தவர்கள். ஊன்றுகோலைத் தரையில் ஊன்றினாளே தவிர எழுந்திருக்கவில்லை.

"எங்கம்மா பெரிய பண்ணை வீட்ல வேலைக்கு இருந்தா. கூலி அவ கைக்கு வராது. எங்க ஜனங்களைப் பாத்துக்கறதுக்குன்னு அரசாங்கம் வச்ச வாரியம் வாங்கி வச்சுக்கும். எல்லாம் உன் நல்லதுக்குத்தான், நீ செலவழிச்சிருவேன்னு சொன்னாங்க. ஒரு பாவாடை வேணும்னா அதிகாரிகிட்ட போய்க் கேக்கணும். பழைய பாவாடை எங்க கிழிஞ்சிருக்குன்னு திருப்பிக் காட்டச் சொல்லுவான். அம்மா செத்துப் போயிட்டா. அந்தக் காசு இன்னும் அவ நல்லதுக்காக எங்கயோ பத்திரமா இருக்கு போல." ஊன்றுகோலை ஃபின்லே பக்கம் நீட்டினாள். "அதனால கேக்கறேன் மகனே, இது யாரோட நல்லதுக்கு?"

ஃபின்லே, "அந்தக் காலம் வேற, இந்தக் காலம் வேற" என்றான். "பாவாடைதான் வேற" என்றாள் மெர்ல். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இப்படியே இரண்டு பக்கமும் சூடேறி, ஒருவன் இன்னொருவனைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லி, அவன் இவனை வெள்ளைக்காரத் துரை என்று சொல்லி, யாரோ யார்மேலோ வெங்காயத்தை எறிந்ததும் நெரிடா மணியடித்தாள்.

"போதும்! கை தூக்கிடுவோம். அட்டை வேணுங்கறவங்க..."

அப்போதுதான் கவனித்தேன். ஸ்டாட் தன் நாற்காலியை மெல்ல முன்னுக்கு இழுத்து, கூட்டத்தைப் பார்த்து நேராகப் போட்டுக்கொண்டார். அவர் முன்னால் மூன்றாவது வரிசையில் ஆரஞ்சு பறிக்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்வீன் மட்டும் ஸ்டாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை தூக்கியிருந்தால் என் பக்கம் சுலபமாக ஜெயித்திருக்கும். ஆனால் முதலாளி கண் முன்னால் ஓட்டு எடுப்பதை நான் ஆயுசில் பார்த்ததில்லை. நாங்கள் ரோமம் வெட்டுகிற கொட்டகையில், மழை பெய்த மறுநாள் ஆடு ஈரமா, காய்ந்ததா என்று ஓட்டு எடுப்போம். ஈர ஆட்டின் ரோமத்தை வெட்டினால் மூட்டு பிடித்துக்கொள்ளும், காய்ச்சல் வரும் என்பது எங்கள் கணக்கு. முதலாளிக்கோ எல்லா ஆடும் எப்போதும் காய்ந்த ஆடுதான். அதனால் ஆளுக்கு இரண்டு ஆட்டுக்கு ரோமம் வெட்டிப் பார்ப்போம், பிறகு ரகசிய ஓட்டு. அந்த நேரத்தில் முதலாளி கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. ஈரம் என்று முடிவானால் காய்ந்தது என்று ஓட்டுப் போட்டவனும் கத்தரியைக் கீழே வைக்க வேண்டும். யார் எப்படிப் போட்டான் என்று ஒருவரும் கேட்கக் கூடாது, கேட்டவனுக்கு அன்றைக்குத் தேநீர் கிடையாது. கேட்காமல் தானாகச் சொல்கிறவன் அதைவிடக் கேடுகெட்டவன்.

எழுந்துவிட்டேன்.

"நிறுத்து நெரிடா! கை தூக்கறதெல்லாம் வேணாம். ஈர ஆட்டு ஓட்டுப் போடு."

ஸ்டாட் திகைத்துப் போனார். "கிளெம், நீ நம்ம பக்கம்தானேய்யா?"

"பக்கம் உங்க பக்கம்தான். விதி எங்க விதி. நீங்க மேடையை விட்டு இறங்கி, அந்த ஜன்னலைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

ரோமம் வெட்டிய கிழவர்கள் ஐந்தாறு பேர் மண்டபத்தில் அங்கங்கே இருந்தார்கள். எல்லோரும் தரையைக் காலால் உதைக்க ஆரம்பித்தார்கள். பலகைத் தரை. இடி மாதிரி இருந்தது. அப்புறம் மண்டபமே உதைத்தது. நெரிடா இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தாள்.

"சரி, சரி! காகிதம் கொண்டு வாங்க."

"காகிதமா?" என்றாள் மெர்ல். "தபால் ஆபீஸ் எல்ஸ்பெத்துக்கு நம்ம எல்லாரோட கையெழுத்தும் அத்துப்படி."

"உன் கையெழுத்து எனக்கே புரியாது" என்றாள் எல்ஸ்பெத். "மத்தவங்களோடது தெரியும்தான்."

யாரோ குலுக்கல் சீட்டை வைத்து ஓட்டுப் போடலாம் என்றார்கள். ஸ்டாட் ஒரு சீட்டுச் சுருளையே வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பது தெரிந்ததும் அந்த யோசனை ஊளையில் முடிந்தது. கடைசியில் மண்டபத்துச் சமையலறையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தோம். தேநீர்ப் பைகள் பெட்டி பெட்டியாக. சர்க்கரைக் கட்டிகள் டப்பா டப்பாவாக. தேநீர் கொதிக்க வைக்கிற பெரிய அண்டா காலியாக இருந்தது.

முடிவு இதுதான்: ஆளுக்கு ஒரு தேநீர்ப் பை, ஒரு சர்க்கரைக் கட்டி. அட்டை வேண்டும் என்றால் சர்க்கரை, வேண்டாம் என்றால் தேயிலை. ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் போய் ஒன்றை அண்டாவில் போட வேண்டும், மற்றதை மூடி போட்ட வாளியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வர வேண்டும்.

வரிசை வாசலைத் தாண்டி சாசேஜ் அடுப்பு வரைக்கும் போனது. உள்ளே போகிறவனைப் பார்த்து ஊளை, வெளியே வருகிறவனைப் பார்த்து விசில். தேர்தல் நாளில் கூட இந்த ஊரில் இப்படி ஒரு குதூகலத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் நாட்டில் தேர்தலுக்கு வராவிட்டால் அபராதம், அதனால் வருகிறார்கள். இதற்குத் தானாக வந்து முண்டியடித்தார்கள்.

ஸ்டாட்டின் மனைவி ஓட்டிலி உள்ளே போனாள். தொப்பி வைத்த, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள். கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவளுடைய வலது கன்னம் உப்பியிருந்தது. விசிலையும் மீறி மண்டபம் முழுக்கக் கேட்டது: கடக், முடக்.

சர்க்கரையைத் தின்றுகொண்டு வந்தாள். தின்றது சர்க்கரை என்றால் அண்டாவில் விழுந்தது எது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜன்னலைப் பார்த்து நின்றிருந்த ஸ்டாட் திரும்பினார். "ஓட்டிலி!"

"என்ன? பசிக்குது" என்றாள் அவள். "காலையிலேர்ந்து உன் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு வாய் காப்பி இல்ல."

மண்டபம் சிரித்த சிரிப்பில் யாரோ நாற்காலியோடு சாய்ந்தார்கள். நான் மட்டும் கத்தினேன், "கேக்கக் கூடாது! ஸ்டாட், கேட்டா உங்களுக்குத் தேநீர் கிடையாது!"

நானும் போனேன். சர்க்கரையைத்தான் போட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

நெரிடாவும் வாத்தியாரும் எல்லோர் முன்னாலும் அண்டாவை மேசையில் கவிழ்த்தார்கள். ஒரு தேயிலை, ஒரு சர்க்கரை, ஜோடி ஜோடியாகத் தள்ளினார்கள். குவியல் குறையக் குறைய மண்டபம் ஜோடிக்கு ஒருதரம் கோரஸாகக் கத்தியது. கடைசி ஜோடியைத் தள்ளினதும் மேசையில் மிச்சம் ஒன்றுமில்லை. சரிசமம்.

திரும்ப எண்ணினார்கள். சரிசமம்.

"இப்ப என்ன செய்யறது?" என்றாள் நெரிடா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானா இந்தப் பூனைக்கு மணி கட்டினேன் என்று அந்த நிமிஷத்தில் என்னையே திட்டிக்கொண்டேன்.

"கொட்டகையில சரிசமமா வந்தா இன்னும் ரெண்டு ஆட்டுக்கு ரோமம் வெட்டிப் பாக்கணும். அப்புறம் திரும்ப ஓட்டு. இங்க ஆட்டுக்குப் பதிலா ஆள். பக்கத்துக்கு ஒரு ஆள் பேசட்டும்."

அட்டை வேண்டாம் என்கிற பக்கத்திலிருந்து டெல்வீன் எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை, தன் வரிசையிலிருந்தே பேசினாள். பேச்சு ஸ்டாட்டுக்குத்தான்.

"வறட்சி வந்தப்ப அரசாங்கம் உங்களுக்கும் பணம் குடுத்துச்சே, அது எந்த அட்டையில வந்துச்சு?"

"அது வேற பொண்ணே. அது தொழிலைக் காப்பாத்த."

"இதுவும் தொழிலைக் காப்பாத்தத்தான். உங்க தொழிலை. மரத்துல பழம் இருந்தா எங்களைக் கூப்பிடறீங்க. பழம் தீர்ந்தா போ-ங்கறீங்க. அடுத்த பருவத்துக்குத் திரும்ப வேணும், அதுவரைக்கும் நாங்க சாகாம இருக்கணும். அந்த மாசங்கள்ல எங்களுக்குச் சோறு போடறது நீங்களா? இல்ல. அரசாங்கம். அப்ப இந்த உதவிப் பணம் யாருக்கு உதவி? எனக்கு மட்டுமா?" மூச்சு வாங்கினாள். "வண்டிக்கு நிழல்ல நிறுத்தி வச்ச குதிரை நாங்க. குதிரைக்குப் புல்லு போடற செலவும் ஊரோடது, இப்ப வாயில மூடி போடணுங்கற யோசனை மட்டும் உங்களோடதா?"

பழம் பறிக்கிறவர்களின் வரிசை மொத்தமாக எழுந்து உதைத்தது. ஸ்டாட்டின் முகம் செங்கல் நிறமானது. என் மகள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது. அதற்காக ஓட்டை மாற்றிவிடவில்லை, அவசரப்படாதீர்கள்.

அட்டைக்காக ஃபின்லே எழுந்தான். படம் காட்டினான், கோடு ஏறுவதைக் காட்டினான், இறங்குவதைக் காட்டினான். கிழவர் கிழவிகளின் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தார்கள். இன்றைக்கு வேலையில்லாதவன் கழுத்தில் மாட்டுவது நாளைக்கு நம் கழுத்துக்கு வருமோ என்ற பயம். அந்தப் பயத்தைத் தெளிய வைத்துவிட்டால் கிழடுகளின் ஓட்டு மொத்தமும் சர்க்கரைப் பக்கம் விழும், ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எழுந்து கேட்டேன்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. என்னோட முதியோர் பென்ஷன். அதுக்கு இந்த அட்டை வருமா, வராதா?"

வராது என்று ஒரு வார்த்தை. அவன் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஃபின்லே நல்ல பிள்ளை மாதிரி சிரித்தான். "இப்போதைக்கு அப்படி எந்தத் திட்டமும் இல்ல சார்."

கிழவர் கிழவிகள் பெருமூச்சு விட்டார்கள். "இல்லையாம், இல்லையாம்" என்று காது கேட்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. என் முதுகில் பழைய வியர்வை வழிந்தது.

இப்போதைக்கு.

இப்போதைக்குக் கூலியில் கை வைக்க மாட்டோம் என்றார்கள், அடுத்த கொட்டகையில் வைத்தார்கள். இப்போதைக்குச் சமையல்காரனை நிறுத்த மாட்டோம் என்றார்கள், அந்த மாதமே டப்பா மீன் தின்றோம். வேலையைச் சீக்கிரம் முடித்து ஆளைக் குறைக்கிற அகலச் சீப்பு கத்தரிக்கு இப்போதைக்கு வராது என்றார்கள், அது வந்து, வேண்டும் வேண்டாம் என்று நாங்கள் அண்ணன் தம்பிகள் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்துக்கொண்டோம். எந்த முதலாளியும் எந்த மந்திரியும் எனக்கு நேராகப் பொய் சொன்னதே கிடையாது. இப்போதைக்கு என்றுதான் சொல்வார்கள்.

"என்ன சார், திருப்திதானே?" என்றான் ஃபின்லே.

"நல்லாப் புரிஞ்சிது தம்பி" என்றேன்.

இரண்டாவது ஓட்டு. இந்தத் தடவை விசில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தார்கள். ஓட்டிலி அம்மாள் உள்ளே போகும்போது யாரோ அவள் கையில் ஒரு சாசேஜ் ரொட்டியைத் திணித்தார்கள், பசிக்காமல் இருக்கட்டும் என்று.

என் முறை வந்தது. சமையலறையில் நானும் அண்டாவும் மட்டும். ஒரு கையில் சர்க்கரை, ஒரு கையில் தேயிலை. தேயிலையைப் போட்டேன். மகளுக்காகப் போட்டேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. ஒரு வார்த்தைக்காகப் போட்டேன். அந்த வார்த்தையை மட்டும் அவன் விழுங்கியிருந்தால் சர்க்கரைதான் விழுந்திருக்கும். அப்படித்தான் நினைக்கிறேன். சர்க்கரையை வாளியில் போடும்போது கை ஒட்டியது, வியர்வை.

திரும்பவும் ஜோடி சேர்த்தார்கள். திரும்பவும் கோரஸ். ஜோடிகள் தீர்ந்தன. மேசையின் நடுவில் இரண்டு தேநீர்ப் பைகள் மிச்சம்.

சத்தம் என்றால் சத்தம். கூரைக் குருவிகள் எல்லாம் பறந்தோடின. பழம் பறிக்கிறவர்கள் டெல்வீனைத் தூக்கினார்கள். மெர்ல் தன் ஊன்றுகோலால் பெஞ்சை அடித்தாள். தோற்றவர்களும் கத்தினார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது, ஓட்டு அப்படி இருந்தது.

"இன்னொரு தரம் எண்ணணும்!" என்றார் ஸ்டாட். நியாயம்தான். ஆனால் நெரிடா திரும்பிப் பார்த்தபோது மேசை காலி. கூட்டம் முடிந்தால் தேநீர் என்பது மகளிர் சங்கத்தின் சட்டம். அவர்கள் தேயிலைக் குவியலை வழித்து அண்டாவில் போட்டு வெந்நீரை ஊற்றிவிட்டிருந்தார்கள். சர்க்கரைக் கட்டிகள் கிண்ணத்தில்.

"ஊர்ல அத்தனை பேர் கையும் பட்ட தேயிலை" என்றாள் மெர்ல். "இதைவிட ஜனநாயகமா ஒரு தேநீரை நான் குடிச்சதில்ல."

ஸ்டாட்டுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். குடித்தார். என்ன இருந்தாலும் அவரும் எங்கள் ஊர்க்காரர், முடிவென்றால் முடிவு. இறைச்சித் தட்டுக் குலுக்கல் ஃபின்லேவுக்கு விழுந்தது. அந்த வெயிலில் அத்தனை பச்சைக் கறியையும் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனான். பாதி வழியில் நாற்றத்தில் அவன் பட்டிருக்கும் பாட்டை நினைத்து நான் இரண்டு நாள் சிரித்தேன்.

வாத்தியார்தான் கணக்குப் போட்டுக் கிளப்பிவிட்டார். "முதல்ல சரிசமம், அப்புறம் ரெண்டு வித்தியாசம். அப்படின்னா ஒரே ஒரு ஆள் மனசு மாறியிருக்கான்!" அன்றிலிருந்து ஊர் அந்த ஆளைத் தேடுகிறது. எல்ஸ்பெத் என்கிறார்கள், பேக்கரிக்காரன் என்கிறார்கள், ஸ்டாட்டே போட்டுவிட்டாரோ என்று கூடச் சந்தேகப்படுகிறார்கள். என் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அவ்வளவு உரக்கக் கத்தி வைத்திருக்கிறேன். ஸ்டாட் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நாம தோத்துட்டோம் கிளெம். ஆனா நீ கடைசி வரைக்கும் நின்னே" என்றார். "ஆமா" என்றேன்.

டெல்வீன் அடிலெய்டு போகவில்லை. சிநேகிதிக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு ஆட்டுத் தொடையோடு வந்தாள். தட்டை என் முன்னால் வைக்கவில்லை, எறிந்தாள்.

"பெத்த மகளை ஊரை விட்டுத் துரத்தப் பாத்தியே கிழவா. ரெண்டு தடவையும் சர்க்கரை. கூசலையா உனக்கு?"

"யார் எப்படிப் போட்டாங்கன்னு கேக்கக் கூடாது."

"நான் கேக்கல. சொல்றேன். யாரோ முகம் தெரியாத புண்ணியவான் மனசு மாறினான், அதனால நான் இங்க நிக்கறேன். அவனுக்கு இருக்கற இரக்கம் என் அப்பனுக்கு இல்ல."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கேட்கிறவனைவிடச் சொல்கிறவன் கேடுகெட்டவன் என்பதும் எங்கள் விதி, மண்டபத்தின் நடுவில் நின்று அந்த விதியைக் கேட்டு வாங்கியவன் நான்தானே. இங்கே எழுதுகிறேன் என்றால், இதைப் படிக்கிறவர்கள் யாரும் ஹாரிகன் டேங்க் போய்ச் சொல்லப் போவதில்லை என்ற நம்பிக்கையில். நம்பிக்கை எனக்குக் குறைவுதான்.

அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கறியை வெட்டி என் தட்டில் வைத்துக்கொண்டே திட்டினாள். கறி பதமாக வெந்திருந்தது.

"சரி, சரி" என்றேன். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."